மூன்றாம் தகடு, நான்காம் பாட்டு

கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை. தூக்கத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

மதியம் மூன்று மணி. சாலிகிராமத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம். கதவைச் சாத்திவிட்டால் வெளியே சென்னை என்று ஓர் ஊர் இருப்பதே மறந்துபோகும். ஏசிக் குளிரில் சோபா மெல்ல மிதந்தது.

மடியில் ஒரு புத்தகத்தின் அச்சுப்படி. நாளை அச்சுக்குப் போகிறது.

ஐந்து சிடி, இந்தப் புத்தகம், இரண்டையும் வைக்க அவர் படம் போட்ட அட்டைப்பெட்டி. நாற்பது வருடம் மேடை மேடையாகக் கிட்டாரை அலறவிட்டதெல்லாம் அதற்குள் அடங்கிவிட்டது. செருப்பு வாங்கினால் இதைவிடப் பெரிய பெட்டி கொடுப்பான் என்று மனைவி சொல்லியிருந்தார். தலையில் பாதி முடி போய்விட்டது. மீதியைக் குடுமி போட்டுக்கொண்டு இன்னும் விடாமல் இருக்கிறார்.

கூடத்தின் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நஸ்ரின். பழைய டேப்புகளை ஒவ்வொன்றாகத் துலக்கித் தருகிறவள். இப்போது மூன்றாம் தகட்டின் நான்காம் பாட்டு. ‘சிக்னல் விழும் நேரம்’.

டிரம்மை அணைத்தாள். பாடுகிறவன் குரலை அணைத்தாள். கிட்டார் மட்டும் மிஞ்சியது.

நாற்பது விநாடி. அவர் பெயரைச் சொன்னால் ஊர் முணுமுணுக்கிற நாற்பது விநாடி.

“சார், கம்பிய இழுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் ஒரு மூச்சு கேக்குது. டிரம்ஸ் சத்தத்துல இத்தன நாள் தெரியல. உங்க மூச்சுதான். எடுத்துரட்டுமா?”

மறுபடி ஓடவிட்டாள்.

விடிகாலையில் பச்சைத்தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளப் போகிறவன் இழுக்கிற மூச்சு.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. சோபா இன்னும் கொஞ்சம் தூரம் மிதந்தது.

வேறோர் அறை. ஈரக் கம்பளம். கம்பளத்தின் மேல் அவரே படுத்திருக்கிறார். இருபத்தெட்டு வயது, நூற்றிமூன்று டிகிரி காய்ச்சல். கூடத்தை வாடகைக்கு எடுத்த நேரம் முடியப்போகிறது. பெரம்பூர் ரயில்வே காலனியிலிருந்து கூடவே வளர்ந்த கிளிஃபர்ட், அவருடைய கிட்டாரை எடுத்து மாட்டிக்கொள்கிறான். வயர் எட்டவில்லை. ஸ்பீக்கரையும் மைக்கையும் உரசிக்கொண்டு தரையில் உட்காருகிறான். வாசிக்கிறான்.

காய்ச்சலுக்குள் அது மழை மாதிரி கேட்டது. நன்றாகத் தூங்கினார்.

கேசட் வந்தபோது கிட்டார் வாசித்தவர் என்று அவர் பெயர் அச்சாகியிருந்தது. கிட்டாரைப் பார்த்து யாரோ எழுதிவிட்டார்கள். திருத்தச் சொல்லலாம் என்று கிளம்பினார். கிளிஃபர்ட் சிரித்தான். “விடு மேன். ஒன் கிட்டார்தான, ஒன் பேரே இருக்கட்டும்.”

விட்டார். அப்போது அந்தப் பாட்டு இவ்வளவு பெரிதாகும் என்று யார் கண்டது?

பிறகுதான் வேடிக்கை. ஊர் ஊராக அதையே கேட்டார்கள். ஒரு வாரம் கதவைத் தாழிட்டுக்கொண்டு, டேப் இழுபட்டுப்போகும்வரை ஓட்டி ஓட்டி, தான் வாசித்ததாகச் சொல்லப்பட்டதைத் தானே கற்றுக்கொண்டார். ஸ்வரம் ஒன்றும் பிசகவில்லை. ஆனாலும் ஏதோ குறைந்தது. கூட்டத்துக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்று ரிதம் கிட்டார் வாசித்த கிளிஃபர்ட் ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை.

அவன் ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குக் குடிபோனான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போனில் பேசிக்கொண்டார்கள். அதை மட்டும் பேசவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் பேச ஆளும் இல்லாமல் போனது.

குறைந்துபோனது இந்த மூச்சுதான். இப்போது தெரிகிறது.

மடியில் புத்தகம் விரிந்திருந்தது. அந்த நாற்பது விநாடியைப் பற்றி மட்டும் ஆறு பக்கம். இவர் யார் என்பது முழுவதும் இதில் இருக்கிறது என்று ஒருவர் உருகி எழுதியிருந்தார்.

“சார்?”

நஸ்ரினின் விரல் காத்திருந்தது. சரி என்றால் போதும். பெட்டி மூடிவிடும். இனி உலகத்தில் யாருக்கும் தெரியாது. அவருக்குப் பயமாக இருந்தது. அதைவிட, வெட்கமாக இருந்தது.

“எடுத்துடும்மா,” என்றார். “எடுத்து என்கிட்ட குடு. அந்த மூச்ச மட்டும்.”

அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் செய்தாள். பதினோரு மூச்சு. ஒட்டினால் ஒன்பது விநாடி. அவர் போனுக்கு அனுப்பினாள்.

அவர் அதை மார்லீனுக்கு அனுப்பினார். கிளிஃபர்டின் மனைவி. கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

பெர்த்தில் இப்போது சாயங்காலம். துணி மடித்துக்கொண்டிருப்பாளோ? காது கேட்கும் கருவியைக் கழற்றி வைத்திருப்பாளோ? கேட்டுவிட்டாள் என்று போனில் குறி நீலமாக மாறியது. அவர் சோபாவில் சாய்ந்தபடி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம். இரண்டு. நிறைய நிமிடம்.

போன் அடித்தது.

முதலில் அழுகை. அப்புறம் சிரிப்பு. நாற்பது வருடம் பக்கத்தில் படுத்தவளுக்கு அது யார் என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

“பாவி, இந்தச் சத்தம் இல்லாம எனக்கு ரெண்டு வருஷமா தூக்கமே கெடையாது,” என்றாள். “எங்க கெடச்சான் இவன் ஒனக்கு? எந்தப் பாட்டுல இருந்தான் மேன்?”

எழுந்து உட்கார்ந்தார். மடியிலிருந்த புத்தகம் சரிந்து கீழே விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு நஸ்ரின் திரும்பினாள். வெளியே போகட்டுமா என்று கையால் கேட்டாள்.

இரு என்று அவரும் கையால் சொன்னார்.

பாட்டின் பெயரைச் சொன்னார், வாசித்தது யார் என்றும். நஸ்ரினுக்கும் கேட்கிற மாதிரி.