ஆம்பளை வரக்கூடாத வீடு

"நின்னுக்கறேம்மா, வேலையச் சொல்லுங்க" என்றாள் கொளஞ்சியம்மாள், உட்கார் என்று நான் சொன்னதற்கு.

அகரம்சீகூரிலிருந்து ஏழு மணி பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். தோளில் மாட்டிய துணிப்பையைக்கூட இறக்கவில்லை.

நின்றுகொண்டே இருப்பவளிடம் என்னத்தைப் பேசுவது? எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் எரிச்சலைக் காட்டுகிற நிலையில் நான் இல்லை. உபைதும் ருமைசாவும் பள்ளிக்கூடம் போய் ஆறு நாள் ஆகிறது. வேன் மெயின் ரோட்டில்தான் நிற்கும். அதுவரை பிள்ளைகளைக் கொண்டுபோய் விட ஆள் இல்லை.

நான் போக முடியாது. இத்தா இருக்கிறேன், புருஷன் இறந்தவள் வீட்டோடு இருக்கிற துக்கக் காலம். அவர் துபாயில் மவுத்தாகி நாற்பத்து மூன்று நாள். நாலு மாதம் பத்து நாள் முடிகிறவரை நான் வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆம்பளை முன்னால் நிற்கவும் கூடாது. மாமிக்கு முழங்கால் வலி. கொழுந்தன் குவைத்தில். எங்கள் லப்பைக்குடிக்காட்டில் பாதி ஆம்பளைகள் அப்படித்தான். மீதிப் பேர் விசாவுக்குக் காத்திருப்பார்கள்.

"காலையில ரெண்டு பேரையும் குளிப்பாட்டி வேன்ல ஏத்தணும். அப்பறம் சோறு, ஒரு குழம்பு, பாத்திரம். சாயங்காலம் திரும்பவும் போய்க் கூட்டிட்டு வந்துட்டா போதும்."

"செய்றேம்மா. இன்னிக்கே செய்றேன்."

சம்பளம் எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை. புது ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிகிற ருமைசா, அதற்குள் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவளையாவது விட்டுவிடக் கூடாது என்று இருந்தது எனக்கு.

முன்பு இருந்தவளும் நல்லவள்தான். அவள் புருஷன்தான் சரியில்லை. அவளைக் கூட்டிப் போக மொபெட்டில் வருவான். ஒருநாள் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கூடத்துக்கே வந்துவிட்டான். இத்தா இருக்கிற வீட்டுக்குள் இப்படியா என்று மாமி அன்றைக்கே அவளை நிறுத்திவிட்டார். மாமி பேச்சுக்கு மறுபேச்சு ஏது?

அதனால் இந்தத் தடவை முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டேன்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்க. லேட்டானாலும் சரி, மழையே கொட்டினாலும் சரி, உன் வூட்டுக்காரரு இங்க வரக் கூடாது. தெருமுனையிலயே நிக்கச் சொல்லிடு."

"அவரு வர மாட்டாரும்மா."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க. பொண்டாட்டி அஞ்சு நிமிஷம் லேட்டானா உங்க ஆம்பளைங்களுக்குப் பொறுக்காதே!"

அவள் ருமைசாவின் விரல்களை மெதுவாகச் சேலையிலிருந்து எடுத்துவிட்டாள்.

"செத்து இன்னியோட இருவத்தோரு நாளும்மா."

யா அல்லாஹ், இந்த நாக்கை என்ன செய்ய?

"பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட வேலை கேட்டுப் போனேன். தாலியறுத்து ஒரு மாசம் ஆவல, புள்ளைங்க இருக்குற வூடு, இப்ப வேணாம்னு ரெண்டு வூட்டுல சொல்லிட்டாங்க. அதான் உங்ககிட்ட சொல்லாமலே சேந்துடலாம்னு வந்தேன். இந்தப் பொட்டுகூட பஸ்ஸுல வெச்சதுதான்." பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள். "தப்புதான். நான் வரேம்மா."

இருபத்தோரு நாள். எனக்கு அத்தனை நாள் ஆனபோது நான் வீட்டுக்குள் உட்கார்ந்து, பக்கத்து வீட்டார் கொண்டுவந்த கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தேன். இவள் அதற்குள் வீடு வீடாக வேலை கேட்டு அலைந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

அவள் நிலைப்படியைத் தாண்டிவிட்டாள். போகாதே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"மொகம் பாத்தியா?"

திரும்பினாள்.

"கடைசியா அவரு மொகத்த பாத்தியா நீ?"

"பாத்தேம்மா. எம் மடியிலதான் உசுரு போச்சு. வாயில பால் ஊத்தினேன்."

என் புருஷனை அங்கேயே அடக்கிவிட்டார்கள். உடம்பை அனுப்ப வழியில்லை என்றார்கள். கூட வேலை பார்த்தவர் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தார். அதில் மண்மேடு மட்டும்தான் இருந்தது.

"குடுத்து வெச்சவ" என்றேன்.

தாலியறுத்து இருபத்தோரு நாள் ஆனவளிடம் யாராவது சொல்கிற வார்த்தையா அது? வேறொருத்தியாக இருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போயிருப்பாள். கொளஞ்சி என் வெள்ளைச் சேலையையும் முகத்தையும் பார்த்தபடி நின்றாள். அப்புறம் உள்ளே வந்து பையை இறக்கி வைத்தாள்.

"வேன் எத்தனை மணிக்கும்மா?" என்றாள்.