பேப்பர் கப்

வரலட்சுமி டீயைப் பேப்பர் கப்பில் நீட்டினாள். அன்பரசனுக்குச் சுருக்கென்றது.

பத்து வருஷமாக இந்தத் திருவொற்றியூர் வீட்டில் எவர்சில்வர் டம்ளரில் குடித்தவன். இப்போதும் அவள் தனக்கு ஊற்றிக்கொண்டிருப்பது டம்ளரில்தான்.

அவள் புருஷன் நீலமேகமும் அன்பரசனும் காசிமேட்டில் படகுகளுக்கு வெல்டிங் வைத்தவர்கள். நீலமேகம் மீனவர் வீட்டுப் பிள்ளை. அன்பரசன் வியாசர்பாடி. எத்தனையோ வாசலில் அவனுக்குத் தனி டம்ளர் நீட்டியிருக்கிறார்கள். இந்த வீட்டில் மட்டும் அது கிடையாது, இன்றுவரை.

"இன்னா அன்பு, ஆறவெச்சிக்கினு கீற? குடி."

"குடிக்கிறேன் அண்ணி."

குடிக்கவில்லை. வந்த வேலையை முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று போனை எடுத்தான். கருமாதிக்கு வந்துபோனதோடு சரி. ஐந்து மாசமாக, வேலை வேலை என்று எட்டிப் பார்க்கவில்லை.

நீலமேகத்துக்கு மூளையில் பிரியான் என்ற அபூர்வ நோய். ஞாபகம் போய், பேச்சு போய், நாலே மாசத்தில் ஆளும் போய்விட்டார். ஆராய்ச்சிக்கென்று மூளையில் துளி எடுத்துப்போன டாக்டர்கள் இங்கிலீஷில் கடிதம் அனுப்பியிருந்தார்கள். வரலட்சுமி அதைப் படம் பிடித்து அனுப்பினாள். நர்சிங் படிக்கும் அன்பரசனின் மகள் படித்துச் சொன்னாள். 'போன்லயே சொல்றேன் அண்ணி' என்று அவன் சொன்னதற்கு, வரலட்சுமி 'நேர்ல வா' என்றுவிட்டாள்.

"மூளையில ஒரு புரதம் கீதாம். செம்பைப் புடிச்சிக்கினு ஒழுங்கா இருக்குமாம். அண்ணனுக்குச் செம்பு கம்மி, மாங்கனீசு ஜாஸ்தி. செம்பு எடத்துல மாங்கனீசு குந்திக்கினா அது கோணிக்கும்னு சில பேரு சொல்றாங்களாம்."

"அது எங்கேர்ந்து வந்துச்சு? நான் ஆக்கிப் போட்டதுலயா?"

கேட்டுவிட்டு அவன் வாயையே பார்த்தாள்.

"வெல்டிங் புகையிலயும் அது கீது. ஆனா அதாலதான் நோவுன்னு யாராலயும் சொல்ல முடியாதாம். நோவு வந்தப்புறம்கூட அப்படி மாறுமாம். உன் சோறு ஒண்ணும் பண்ணல."

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "தெருவே என் கையைத்தான் சொல்லிச்சு."

அன்பரசன் எழுந்தான். போயிருக்கலாம். மனசு ஆறவில்லை.

"ஒண்ணு கேக்கறேன் அண்ணி. அண்ணன் பூட்டா எனக்கு டம்ளர்கூட இல்லாம பூட்ச்சா?"

புரியாமல் பார்த்தாள். பிறகு கப்பைப் பார்த்தாள்.

"அதுக்கில்ல அன்பு. அண்ணன் நோவு டம்ளர்ல எல்லாம் ஒட்டாதுன்னு டாக்டரே சொன்னாரு. தெருவு கேக்கணுமே. இந்த வூட்ல யாரும் தண்ணிகூடக் குடிக்கறதில்ல. வர்றவங்க பயப்படாம குடிக்கட்டும்னுதான் கப்பு வாங்கி வெச்சேன்."

அன்பரசன் தலைகுனிந்தான்.

"கருமாதிக்கு மறுநாள் வாங்கினது," என்றாள் வரலட்சுமி. "இன்னிக்குத்தான் பாக்கெட்டைப் பிரிச்சேன்."