காது நீலம்

காட்டில் மூச்சுக் காய்ச்சல் பரவியது. மலை மேல் ஆஸ்பத்திரி வைத்திருந்தவர் ஒரு வெள்ளை முயல். காது நீலம் பாய்ந்தால்தான் படுக்கை என்பது அவர் சட்டம்.

சடையன் என்கிற எருமை தன் பெண்டாட்டி பேச்சியைத் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தான். அவளுக்கு மூச்சு இரைத்தது, நாக்கு தொங்கியது.

டாக்டர் அவள் காதைத் தூக்கி வெயிலில் பார்த்தார். "நீலம் இல்லையே. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

"கறுத்த காதுல நீலம் எங்கய்யா தெரியும்? அவ நெஞ்சுல கை வச்சுப் பாருங்க."

"எங்க தாத்தா காலத்திலிருந்து காதுதான் பார்க்கிறோம். எங்க வளையில் ஒரு உயிர் போனதில்லை. நீ எனக்கு வைத்தியம் சொல்லாதே!"

அந்த நேரம் ஒரு முயல் குதித்துக்கொண்டு வந்தது. காது நுனியில் லேசாக நீலம். உடனே படுக்கை கிடைத்தது.

சடையன் வாசலை விட்டு நகரவில்லை. பொழுது சாயுமுன் பேச்சி அங்கேயே உயிரை விட்டாள்.

டாக்டர் வந்து மறுபடி காதைப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு?" என்று முனகிவிட்டு, 'எருமை இனத்துக்கே பிறவியில் நெஞ்சு பலவீனம்' என்று நோட்டில் எழுதினார்.

பிறகு நிமிர்ந்தார்.

"சடையா, அடிவாரத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் வந்து கிடக்கு. உங்க ஆளுங்க பத்துப் பேரைக் கூட்டிவந்து மேலே இழுத்துக் குடுத்துடுப்பா. வேற யாருக்கு அந்தத் தெம்பு இருக்கு?"