வளைவுக் குழாயில் ஒரு கேரட்

அடைத்துக்கொண்ட சிங்க்குக்குக் கீழே பிளம்பர் நட்டைக் கழற்றி வளைவுக் குழாயை ஒரு ஆட்டு ஆட்டியதும், வாளியில் முதலில் வந்து விழுந்தது ஒரு கேரட் துண்டு.

சமையலறை வாசலில் நின்றிருந்த ஸ்டேஷன் மாஸ்டர் ஓரடி பின்வாங்கினார்.

பின்னாலேயே பார்லி வந்தது. பீன்ஸ் வந்தது. பூசணியா முள்ளங்கியா என்று அடையாளம் தெரியாத ஏதோ ஒன்று பொதக்கென்று விழுந்தது.

எல்லாம் அவர் ஊற்றியதுதான்.

வெளியே பல்லைக் கிட்டவைக்கும் குளிர். அந்தக் குளிரிலும் அவருக்கு நெற்றி வியர்த்தது.

குளிர்காலம் தொடங்கியபோது அவர் கொஞ்சம் இருமினார். அவ்வளவுதான். வெளியூரில் இருக்கும் மகள் பதறிப்போய், சீசன் முடிகிறவரை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சத்தான சூப் வீடு தேடி வர ஏற்பாடு செய்துவிட்டாள். தினமும் சாயங்காலம் யாரோ வந்து கதவுக் கைப்பிடியில் தூக்குவாளியை மாட்டிவிட்டுப் போவார்கள். மூடியில் 'உடம்புக்கும் உள்ளத்துக்கும்' என்று ஒரு ஸ்டிக்கர்.

உடம்பு எப்படியோ, உள்ளம் அதைக் கண்டாலே நடுங்கியது. உப்பு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்காது. ஈரத் துணியை வேகவைத்துப் பிழிந்த மாதிரி ஒரு வாசனை.

வீட்டுக்காரியிடம் சொல்ல முடியுமா? ரிட்டையர் ஆகிறவரை ஹெட் நர்ஸாக இருந்தவள். குடிக்கச் சொல்லி வற்புறுத்த மாட்டாள். பார்ப்பாள். ஒரு வார்டே எழுந்து உட்காரும் பார்வை அது.

அதனால் அவள் போன் பேசப் போகிற நேரம் பார்த்துக் கிண்ணத்தை சிங்க்கில் கவிழ்த்துவிடுவார். அவள் திரும்பி வரும்போது வாயைத் துடைத்துக்கொண்டு "அமிர்தம்" என்பார்.

இப்போது அவள் குனிந்து வாளிக்குள் பார்த்தாள்.

எத்தனையோ ரயில் தாமதத்துக்குக் காரணம் சொல்லிச் சமாளித்தவர் அவர். இதற்கு என்ன அறிவிப்பு கொடுப்பதென்று தெரியவில்லை. சரி, காலில் விழுந்துவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

அவள் முந்திக்கொண்டாள்.

"காய் கழுவும்போது தவறி விழுந்திருக்கும் தம்பி."

"வெந்த காயையா கழுவினீங்க?" என்றான் பிளம்பர், தலையை நிமிர்த்தாமல்.

ஹெட் நர்ஸின் முகம் போன போக்கை ஸ்டேஷன் மாஸ்டர் அன்றுதான் பார்த்தார். திருட்டுத்தனமாக மாத்திரையைத் துப்பிய நோயாளியின் முகம்.

"நீயுமா?"

"வாயில வைக்க விளங்கலைங்க. நீங்க அமிர்தம் அமிர்தம்னு குடிக்கிறீங்களே, நான் எப்படிச் சொல்றது?"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தினமும் சூப் குடிக்கிற நேரமாகப் பார்த்து, கேட்டைப் பூட்டினீங்களா பார்த்துட்டு வாங்க என்று அந்தப் பனியில் விரட்டினாளே, அது இதற்குத்தானா!

முதலில் அவர் சிரித்தார். பிறகு அவள். பிறகு இரண்டு பேருக்கும் நிற்கவில்லை. இத்தனை நாளாக நெஞ்சுக்குள் அடைத்துக்கிடந்ததெல்லாம் கொட்டியது. அந்த சூப்பை வைத்துச் சுவரில் போஸ்டர் ஒட்டலாம் என்றார் அவர். எங்கள் ஆஸ்பத்திரியில் மயக்கமாகக் கிடந்தவர்கள்கூட இதைத் துப்பியிருப்பார்கள் என்றாள் அவள். காய்ச்சியவள் நாக்கைக் கழற்றி வைத்துவிட்டுக் காய்ச்சியிருப்பாள் என்றார் அவர்.

சிங்க்குக்குக் கீழே நட்டு கிரீச்சிட்டது. பிளம்பர் அதை வேண்டிய அளவுக்கு மேலேயே முறுக்கிக்கொண்டிருந்தான்.

"இந்தத் தெருவுல முக்காவாசி சிங்க்ல இதே கேரட்தான் சார்" என்று மட்டும் சொன்னான்.

அதைக் கேட்டு இருவருக்கும் தலைகால் புரியவில்லை. தங்கள் நாக்கின் மேல் தப்பில்லை!

ஹெட் நர்ஸ் அலமாரியின் மேல்தட்டிலிருந்து வெண்ணெயை எடுத்தாள். இருமல் வந்த நாளிலிருந்து அதை அங்கே ஒளித்து வைத்திருந்தாளாம். தாராளமாக வெண்ணெய் போட்டு ரொட்டியைச் சிவக்க வாட்டினாள். முட்டையை உடைத்து ஊற்றி, மிளகைத் தட்டித் தூவினாள். பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சினாள். அந்த வாசனையிலேயே ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி படர்ந்து, வீட்டுக்குக் கதகதப்பு வந்துவிட்டது.

உடம்பும் உள்ளமும் ஒன்றாக ஏப்பம் விட்டன.

பிளம்பரையும் விடவில்லை. வேண்டாம் வேண்டாம் என்றவன், ஒரு வாய் வைத்ததும் வாயே திறக்கவில்லை, சாப்பிடுவதற்குத் தவிர. கூச்சத்தோடு இன்னொரு முட்டை கேட்டான். தட்டில் ஒட்டியிருந்ததை ரொட்டியால் துடைத்துத் தின்றான். பார்த்தால், குளிர்காலம் தொடங்கியதிலிருந்து ருசியாக ஒரு வாய் சாப்பிடாதவன் மாதிரி இருந்தது. பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று ஹெட் நர்ஸ் இன்னொரு ரொட்டியை வைத்தாள்.

அவன் சட்டைப் பையில் போன் அடித்தது.

"வீட்ல இருந்து சார்" என்று எழுந்து, வெண்ணெய்க் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான்.

"ம்... சாப்பிட்டேன்டி. நீ பிளாஸ்க்ல குடுத்ததுதான், வேற என்னத்தைச் சாப்பிடப்போறேன்?"

அந்தப் பக்கம் ஏதோ கவலையாகக் கேட்டிருக்க வேண்டும். அவன் குரல் இறங்கியது. குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற குரல்.

"யாரு, ஸ்டேஷன் மாஸ்டர் வீடா? இப்ப அங்கதான் இருக்கேன். நீ ஏன்டி பயப்படுற? உன் சூப்பை ரெண்டு பேரும் வழிச்சு வழிச்சுக் குடிக்கிறாங்களாம். பத்தலைன்னுதான் ஒரே வருத்தம். நாளையிலருந்து தூக்குவாளி வேண்டாம், இவங்களுக்குப் பெரிய குண்டானாவே அனுப்பிடு."