கலங்கல் படம்

தங்கை எடுத்த படங்களைச் சுவரில் பார்த்ததும் அண்ணனுக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

நூலக மாடியில் வரிசையாக மாட்டியிருந்தார்கள். ஒன்றில்கூட முகம் இல்லை. மஞ்சளும் நீலமும் பச்சையுமாக, ஈரம் காயாத ஓவியத்தைத் துணியால் இழுத்துவிட்ட மாதிரி. உற்றுப் பார்த்தால் பெண்கள் தெரிவார்கள். இரண்டு பேர் கொடியில் துணி உலர்த்துகிறார்கள், ஒருத்தி தலை வாருகிறாள், ஒருத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். யார் எவர் என்றுதான் தெரியாது.

அண்ணன் ஸ்டூடியோ வைத்திருப்பவன். அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் படம் எடுத்தே காலத்தை ஓட்டியவன். இரண்டு காதும் தெரிய வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும், நிழல் விழக் கூடாது. அவனுக்கு அதுதான் படம்.

தங்கையோ ஷட்டரை மெதுவாக வைத்துக்கொண்டு, பொத்தானை அமுக்கும்போதே கேமராவை மேலும் கீழும் ஆட்டுவாள். சில சமயம் ஒரே படத்தின் மேல் நாலைந்தை எடுத்து அடுக்குவாள். பழைய ஓவியர்கள் சிலர் ஆளை விட்டுவிட்டு ஆள்மேல் விழுந்த வெளிச்சத்தை வரைந்தார்களே, அந்த மாதிரி என்பாள்.

"அதுக்குத்தான் கம்ப்யூட்டர்ல ஃபில்டர் இருக்கேம்மா. முதல்ல ஒழுங்கா ஒண்ணு எடு, அப்புறம் எப்படி வேணா கலைச்சுக்கோ. தெளிவான படமும் கையில இருக்கும்ல?"

எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டான். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கை நடுங்கினதெல்லாம் கலையாம் என்று மனைவியிடம் புலம்பியதோடு சரி.

அன்றைக்கு விடாத மழை. வந்த இரண்டொருவரும் குடையை மடக்கிய வேகத்தில் விரித்துக்கொண்டு கிளம்பினார்கள். ஒருவர் மட்டும் போகவில்லை. நடுவயது, நல்ல சட்டை, சாதுவான முகம். குழந்தையோடு நிற்கும் பெண்ணின் படத்துக்கு முன்னால் நின்றவர் நின்றவர்தான்.

தங்கைக்கும் ஒரு ரசிகர் கிடைத்துவிட்டாரே என்று அண்ணன் கிட்டே போனான். அவர் கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது. மழை ஈரம் இல்லை.

"இது என் மனைவி மாதிரி இருக்கு சார்," என்றார்.

கைக்குழந்தையோடு வீட்டை விட்டுப் போனவளாம். புத்தி கொஞ்சம் சரியில்லையாம். தேடாத இடமில்லை. காலைப் பேப்பரில் இந்தப் படம் சின்னதாக வந்திருந்ததைப் பார்த்துவிட்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறார். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவள் நிற்கிற விதம் எனக்குத் தெரியாதா என்றார். முகம் தெரிகிற மாதிரி ஒரே ஒரு படம் காட்டினால் போதும்.

அண்ணன் தங்கையைக் கூப்பிட்டான். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தெளிவான படம் இல்லைங்க. எடுக்கும்போதே இப்படித்தான் எடுத்தேன்."

எங்கே எடுத்தது என்று கேட்டதற்கு ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டு, கோணலே இல்லாத ஒரு சட்டத்தை நிமிர்த்தப் போய்விட்டாள்.

அண்ணனுக்குச் சுருக்கென்றது. ஞாபகமில்லையாம்! அந்த இடத்துக்கு அவளைப் பலமுறை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டதே அவன்தான். தையல் படிக்கிற பெண்கள் தங்கும் விடுதி என்றுதான் சொல்லியிருந்தாள். அவளைத் தனியாக இழுத்துக்கொண்டு போனான்.

"பெத்த பிள்ளையைத் தேடி வந்திருக்காரும்மா. உனக்கு உன் கலைதான் பெருசா?"

"இதுல நீ தலையிடாதே அண்ணா." அவ்வளவுதான் சொன்னாள்.

வந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இருவருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அந்த முதுகைப் பார்க்க அண்ணனுக்குச் சகிக்கவில்லை. பின்னாலேயே இறங்கி ஓடினான். தன் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வழி சொன்னான். பஸ் டிப்போவுக்குப் பின்பக்கம், சாம்பல் நிறக் கேட், பெயர்ப் பலகை இருக்காது. அவர் அவன் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவனே ஒரு டாக்ஸியை நிறுத்தி ஏற்றிவிட்டான்.

மனசு லேசாகி மேலே வந்தவன், நீ செய்யாத புண்ணியத்தை நான் செய்துவிட்டேன் என்று தங்கையிடம் சொல்லியும் காட்டினான்.

அவள் கத்தவில்லை. சட்டென்று போனை எடுத்து, விடுதியைப் பார்த்துக்கொள்கிறவளைக் கூப்பிட்டாள்.

"அக்கா, எல்லாரையும் பின்பக்கமா கிளப்புங்க. இப்பவே."

அதற்குப் பிறகுதான் அவனுக்கு விஷயம் தெரிந்தது. அது தையல் விடுதி இல்லை. புருஷனிடம் அடிபட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த பெண்கள் ஒளிந்திருந்த வீடு. எங்களையும் யாராவது சுவரில் மாட்டிப் பார்க்க மாட்டார்களா என்று அவர்கள்தான் ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறார்கள். கேமராவுக்குள்ளேகூட ஒரு முகமும் மிஞ்சிவிடக் கூடாது என்றுதான் அவள் அப்படி ஆட்டி ஆட்டி எடுத்திருக்கிறாள்.

டாக்ஸி போய்ச் சேர்வதற்குள் தப்பிவிட்டார்கள். அடுப்பில் இருந்ததை இறக்கக்கூட நேரமில்லை. இனி அந்த வீட்டுக்கு யாரும் திரும்ப முடியாது. குழந்தைக்காரி மறுபடியும் முதலிலிருந்து ஓட வேண்டும்.

சாயங்காலம் அண்ணனும் தங்கையும் படங்களைக் கழற்றினார்கள். பிறகு, தன்னையே சமாதானப்படுத்திக்கொள்கிற மாதிரி சொன்னான்.

"ஆனா அவர் நடிக்கலைம்மா. நிஜமாவே அழுதார்."

கழற்றிய படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டே அவள் சொன்னாள்.

"நிஜமாத்தான் அழுவாராம் அண்ணா. அவ கையில சூடு வைக்கும்போதும் இப்படித்தான் அழுதாராம்."