பதினாறு மணி நேரம்

அவள் கைப்பேசியை ஃபிளைட் மோடில் போட்டாள்.

பல்லாவரத்தில், தோழி ஜெபராணியின் அறையில், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு.

சென்னையிலிருந்து மெல்போர்ன் எண்ணாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். சிங்கப்பூரில் இறங்கி ஏறும் நேரத்தையும் சேர்த்தால் பதினாறு மணி நேரம். இணையத்தில் பார்த்து, இரண்டு முறை கூட்டி, குறித்து வைத்திருந்தாள்.

அதுவரை யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

விசா மறுக்கப்பட்டு இருபது நாளாகிறது. நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் முதலில் இருந்தாள். அதற்குள் அம்மா ஊறுகாய் போட்டுவிட்டாள். அப்பா வேன் பேசிவிட்டார்.

கோவில்பட்டியிலிருந்து பதினோரு பேர் விமான நிலையத்துக்கு வழியனுப்ப வந்திருந்தார்கள்.

"கங்காரு எதையாச்சும் கட்டிக்கிட்டு வந்து நிக்காத பாப்பா" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். டிக்கெட்டைக் காட்டி உள்ளே போய், கண்ணாடி வழியாகக் கையசைத்தாள்.

இரவு பத்தே முக்கால் விமானம் கிளம்பும்வரை கழிவறையில் நின்றாள். பிறகு வேறு வாசல் வழியாக வெளியே வந்து, ஜெபராணியின் அறைக்குப் போனாள்.

பன்னிரண்டே காலுக்கு ஜெபராணியின் போன் அடித்தது.

அப்பா.

ஜெபராணி அவளைப் பார்த்தபடியே ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏம்மா ஜெபா, பாப்பாவோட அப்பா பேசுதேன். பிளேன் திரும்பி வருதும்மா. பிளேன் எங்க போகுதுன்னு செல்லுல பாத்துக்கிட்டேதான் வந்தேன். கடலுக்கு மேல போயி, அப்படியே வளைஞ்சு திரும்பிருச்சு. அவளுக்குப் போன் போகமாட்டேங்கு. நாங்களும் வேனைத் திருப்பிட்டோம். நீ பக்கத்துலதான இருக்க, கொஞ்சம் ஓடு தாயி. புள்ள பயந்துபோயிருக்கும். வெளிய வரும்போது நம்மாளு யாராச்சும் நிக்கணும்."

பின்னால் அம்மாவின் குரல். அழுகிறாளா, சாமியைக் கூப்பிடுகிறாளா, தெரியவில்லை.

ஜெபராணி சூட்கேஸை அவள் பக்கம் தள்ளினாள். "இதை இழுத்துக்கிட்டுப் போய் நில்லுடி. இறங்கி வந்த மாதிரி."

அவள் சூட்கேஸைத் தொடவில்லை.

விமான நிலையம் மூன்று கிலோமீட்டர். ஆட்டோவில் பத்து நிமிடம்.

பயணிகள் வெளியே வரும் வாசலுக்கு எதிரே, ஒரு தூணுக்குப் பின்னால் நின்றாள்.

ஒன்றரைக்கு வேன் வந்தது. அது நிற்பதற்குள் அப்பா குதித்தார். கையில் மூடி திறக்காத தண்ணீர் பாட்டில். கம்பித் தடுப்பு வரை ஓடி, ஆட்களை விலக்கி, முன்னால் போய் நின்றார்.

அவள் தூணை விட்டு வந்தாள். அவருக்குப் பின்னால் நின்றாள்.

நான்கடி தூரம்.

அவர் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

கண்ணாடிக் கதவு திறந்தது. யாரோ ஒரு பெண். அப்பா குதிகாலைத் தூக்கி எக்கிப் பார்த்தார். பிறகு காலை இறக்கினார்.

மறுபடி திறந்தது.

அப்பா பாட்டிலை இடக்கைக்கு மாற்றிக்கொண்டார். கையசைக்க வலக்கையைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அவள் இன்னும் கூப்பிடவில்லை.