ஆட்டுக்குட்டி வரைக்கும்

கடையம் சாலையில் ஒன்பது மணி நேரமாக நான் சூசை அண்ணாச்சியின் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். போகுமிடம் இல்லாமல் திரிபவர்களைப் பிடித்து முகாமுக்கு அனுப்புவது என் வேலை. ஆனால் எங்கேயும் போகவில்லை என்று அவர்கள் வாயாலேயே சொன்னால்தான் பிடிக்கலாம்.

அவர் லேசில் சொல்வதாக இல்லை.

"எங்க போறீங்க அண்ணாச்சி?"

"அந்தா, அந்தப் புளியமரம் வரைக்கும் தாயி."

மரம் வந்தது. நிழலில் ஒரு தூக்கம் போட்டார். பிறகு டீக்கடை வரைக்கும் என்றார். அங்கே எனக்கும் ஒரு டீ சொன்னார். அடுத்து ஓர் ஆட்டுக்குட்டியைக் காட்டி, "அது வரைக்கும்" என்றார். குட்டி ஓடியது. மூன்று வயல்களில் அதைத் துரத்தினோம். சேற்றில் என் பூட்ஸ் ஒன்று போனது. மற்றதை நானே கழற்றி எறிந்தேன்.

பொழுது சாயும் நேரம் வாய்க்காலில் கால்களை விட்டு உட்கார்ந்தபோது இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அந்தச் சிரிப்பில் அவர் வாய் தவறிவிட்டது.

"இதுக்கு மேல நான் எங்கயும் போகல தாயி."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கால்களை வெளியே எடுத்துத் துண்டால் மெதுவாகத் துடைத்தார்.

"சரி, வண்டியக் கூப்பிடு. ஒன் வேலைய நீ பாரு."

என் சட்டையில் இருந்த வில்லையை அழுத்தினால் போதும், ஆளில்லாத வண்டி பறந்து வந்துவிடும். அதைக் கழற்றிப் பைக்குள் போட்டேன்.

"என் டூட்டி மத்தியானம் ரெண்டு மணிக்கே முடிஞ்சிட்டு அண்ணாச்சி."